செருப்போடு வந்தவர்கள்

கனகராஜின் வீட்டுக்குள் யாரும் செருப்புப் போட்டு நடந்ததில்லை. அதனால்தான் அந்தச் சத்தம் அவருக்குச் சட்டென்று உறைத்தது. எழுபத்து நாலாம் வருஷம், கார்த்திகை மாதத்து மழைச் சாயங்காலம். தியாகராய நகரில் அந்தத் தெரு முழுவதும் தண்ணீர் தேங்கி, வேப்பமரத்தில் மிச்சமிருந்த துளிகள் கார் ஷெட்டின் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தன. கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தவரின் தலைக்கு மேலே, மாடியின் மொசைக் தரையில், தடித்த தோல் காலணிகள் நடந்தன. ஒரு ஜோடி அல்ல, ஒரு கூட்டம். கொஞ்ச தூரம் நடந்தன, மொத்தமாக ஓரிடத்தில் நின்றன, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல அடங்கின, பிறகு அடுத்த அறைக்கு நகர்ந்தன.

"மீனாட்சி, மாடியில யாரு?"

"யாரு இருக்கா? நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம்," என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

கனகராஜ் மாடிக்குப் போய்ப் பார்த்தார். யாருமில்லை. ஆனால் படுக்கையறைக் காற்று மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. தீபாவளி நேரத்தில் அவருடைய ஜவுளிக்கடையின் ஷட்டரை இறக்கிய பிறகு உள்ளே தங்கியிருக்குமே, நூறு பேர் மூச்சுவிட்டுப் போன வெக்கை, அது. அதில் நனைந்த கம்பளியின் நாற்றமும், இன்னதென்று தெரியாத ஒரு சென்ட் வாசனையும் கலந்திருந்தன.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். வாட்ச்மேன் தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்ல மொதலாளி," என்றான் தணிகாசலம். "காத்துல கதவு ஆடிக்கினு கீது. அத்த கேட்டுட்டு பேஜாராவுறீங்க."

கதவு இல்லை என்று கனகராஜுக்குத் தெரியும். அந்த நடை அவருக்குப் பழக்கமான நடை. நடப்பது, நிற்பது, கேட்பது, நகர்வது. ஆனி மாதத்தில் அவரே அப்படி நடந்திருக்கிறார்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்கு அவரும் மீனாட்சியும் ஒரு குழுவோடு ஐரோப்பா போய்வந்திருந்தார்கள். பிள்ளையில்லாத தம்பதி. மீனாட்சி அந்த மூன்று வாரமும் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். கத்தரித்து வைத்த தோட்டங்களில் ஒவ்வொரு ரோஜாவுக்கும் குனிந்து முகர்ந்தாள். திராட்சைத் தோட்டத்துச் சரிவில் மிளகளவே இருந்த பிஞ்சுகளைத் தடவிப் பார்த்து, "இதையா காலால மிதிச்சுக் குடிக்கிறாங்க?" என்று சிரித்தாள். குழுவில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். கல்யாணராமன், கல்லூரியில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வழிகாட்டிகள் சொல்வதையெல்லாம் அவர்தான் தமிழில் சொல்வார். ரைன் நதிக்கரையில் ஒரு குன்றின்மேல் இருந்த கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த அன்று மட்டும் மீனாட்சி சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தலைவலி," என்றாள். கனகராஜ் களைத்துப்போய் அந்தக் கோட்டையின் கடைசி அறைக்குப் போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டார்.

நாலாம் நாள் மாடியில் ஒரு பெண்குரல் பேசியது. விமான நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரல். தரை வழியாக வந்ததில் வார்த்தைகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. ஒன்றைத் தவிர. மீனாட்சி என்ற பெயர் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல், அந்தக் கோட்டையைப் பற்றிக் கேட்க, கார் மயிலாப்பூருக்குத் திரும்பியது.

"வாங்கோ, வாங்கோ," என்றார் கல்யாணராமன். "கடைசி ரூம்லயா? நீங்க வரலையே அப்போ. மாமிதான் பாவம், ரொம்ப பயந்துட்டா."

"என்ன சொன்னாங்க அங்க?"

"அந்தக் கோட்டைப் பிரபு தன் பொண்டாட்டியை வெட்டின எடம் அது. முந்நூறு வருஷம் முன்னாடி. கோட்டைக்குள்ள யாரோ கூட்டமா நடக்கறான்னு பல நாளா சொல்லிண்டிருந்தானாம். ஒருநாள் இருட்டுல திருடன்னு நெனச்சு வாளை வீசிட்டான். வெளக்கைக் கொண்டுவந்து பார்த்தா அவள்." கல்யாணராமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "வேடிக்கை அது இல்லை. விசாரணையில என்ன சொன்னான் தெரியுமோ? வெட்டி முடிச்சப்புறம் அவாளைப் பார்த்தேன்னான். விசித்திரமா உடுத்திண்டு நிக்கறா, ஒருத்தி முன்னாடி கறுப்புக் குடையைத் தூக்கிப் பிடிச்சிண்டிருக்கா, பின்னாடி ஒரு ஸ்திரீ, நெத்தி நடுவுல ரத்தத்துளி மாதிரி ஒரு பொட்டோட, வாயைப் பொத்திண்டு அழறான்னு."

"குடையா?" என்றார் கனகராஜ்.

"நம்ம கைடும் குடைதான் பிடிச்சிண்டிருந்தா. மாமியைப் பார்த்ததும் பொட்டையும் சேர்த்துக் கதை கட்டியிருப்பா. டூரிஸ்டுகளை மெரட்டறதுக்குன்னே இப்படிச் சொல்றது," என்று கல்யாணராமன் சிரித்தார்.

கனகராஜ் சிரிக்கவில்லை. அந்தப் பிரபுவின் தலைக்கு மேல் நடந்தவர்கள் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன் தலைக்கு மேல் நடப்பவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பதும் புரிந்தது. இன்னும் நடக்காத ஒன்றை.

வீட்டுக்கு வந்ததும், "உன் தம்பி வீட்டுக்குக் கெளம்பு," என்றார். தம்பி கணேசமூர்த்தி சைதாப்பேட்டையில் இருந்தான்.

"எதுக்குங்க திடீர்னு? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல தாயி. நான் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளைத் தாயி என்று கூப்பிட்டதில்லை. மீனாட்சி அவர் முகத்தையே பார்த்தாள். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மறு பேச்சில்லாமல் டாக்ஸியில் ஏறினாள்.

அவர் வேலையை ஆரம்பித்தார். அரிவாள்மணை, கத்திகள், உலக்கை, அம்மிக்குழவி, தோட்டத்துக் கடப்பாரை, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்துத் தணிகாசலத்திடம் கொடுத்து, அவனையும் வீட்டுக்கு அனுப்பினார். இரும்பென்று ஒன்றும் கைக்கெட்டாத வீட்டில், கொல்ல ஆளும் இல்லாமல், கூடத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்தார். இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. பன்னும் டீயுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, பைத்தியக்காரன் என்று திட்டிக்கொள்ளக்கூட அவரால் முடிந்தது.

அன்று சாயங்காலம் மழை வலுத்தது. ஏழு மணி வாக்கில் கரண்ட் போனது.

தெரு முழுக்க இருட்டு. மழையின் இரைச்சல் ஓட்டிலும் தகரத்திலும் இலைகளிலும் வேறு வேறாக விழுந்து, ஒன்றாகி, வீட்டைச் சுற்றித் திரைபோலத் தொங்கியது. அவர் மெழுகுவர்த்தியைத் தேடி மாடிப்படியின் அருகே வந்தபோது கம்பளி நாற்றம் மூக்கில் அடித்தது.

இந்தத் தடவை மாடியில் இல்லை.

படியில். இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஈரக் காலணிகள். துணிகள் உரசும் சத்தம். ஒருவர் இருமினார். ஒரு தோள் அவர் தோளை இடித்துக்கொண்டு போனது. வெதுவெதுப்பான, உயிருள்ள தோள்.

"ஓரமா நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்," என்றது அந்தப் பெண்குரல். நல்ல தமிழில். அவர் காதருகே. "இதுதான் அந்தப் படிக்கட்டு."

"வெளிய போங்க!"

யாரும் போகவில்லை.

"வெளிய போங்கடா! இங்க யாரும் சாகல! அவ இங்க இல்ல!"

அவர் பின்வாங்கினார். முதுகு ஒரு மார்பில் இடித்தது. திரும்பினார். இன்னொரு மார்பு. மூச்சுக்காற்று. எல்லாப் பக்கமும் மூச்சுக்காற்று. இருட்டில் ஒரு கை அவர் புஜத்தைப் பிடித்தது.

பிடித்துவிட்டார் அவரும். கொத்தாகத் தலைமயிர். கழுத்து. கீழே தள்ளினார். படியின் விளிம்பில் தலையை மோதினார். எலும்பு நொறுங்கும் சத்தம். கையில் சூடாக ஏதோ வழிந்தது. மறுபடியும் மோதினார். நகங்கள் அவர் மணிக்கட்டைக் கீறின. கண்ணாடி வளையல்கள் உடைந்தன.

வளையல்கள்.

"ஏங்க," என்றது கைக்குள் இருந்த வாய்.

அது காதில் விழுந்த பிறகும் கை நிற்கவில்லை. இன்னொரு தரம் மோதிவிட்டுத்தான் நின்றது.

கரண்ட் வந்தது.

மீனாட்சி மூன்றாவது படியில் தலைவைத்துக் கிடந்தாள். நெற்றி என்று ஒன்று இல்லை. புடவை மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அதன் சாவி அவள் இடுப்பில். தூக்குச்சட்டி உருண்டு, தரையில் கொட்டிய ரசம் சாதத்தில் ஆவி பறந்தது. விரல்கள் மட்டும் எதையோ எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு மடங்கவில்லை.

கனகராஜ் தலையை நிமிர்த்தினார்.

அவர்கள் நின்றிருந்தார்கள். கூடம் நிறைய. அவர் கண்டிராத வெட்டில் தைத்த உடைகள், அவர் கடையில் ஒருநாளும் விற்காத துணிகள். கொடியவர்கள் யாரும் இல்லை. ஒருவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். ஒரு கிழவி கால் வலித்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு பெண் புருஷனின் கையைப் பிடித்து இழுத்து, "அவர் நம்மளையே பாக்குற மாதிரி இருக்குங்க," என்றாள்.

"காப்பாத்துங்க," என்றார் கனகராஜ். "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க."

முன்னால் நின்றவள் கையை உயர்த்தினாள். எல்லோரும் வரிசையாக நகர்ந்தார்கள், குனிந்து, எட்டிப் பார்த்து, மீனாட்சியை மிதிக்காமல் ஒதுங்கி. ரத்தம் படியிறங்கி மொசைக்கின் வெள்ளைப் புள்ளிகளை மூடிக்கொண்டே வந்தது. அதில் ஒவ்வொரு காலணியும் அழுந்தி எழுந்தது. சிவப்புத் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், அடுக்களையைப் பார்க்கப் போயின.