ம் கொட்டும் கரை

மனைவி "ம்" கொட்டினாள். அதுதான் முதலில் உறுத்தியது.

கல்யாணமான புதிதில் அவர் எதைச் சொன்னாலும் எதிரில் உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறையில் இருந்தபடியே கொட்டினாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் வீடு காலியான வருஷம் அதையும் நிறுத்திவிட்டாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா வானொலி பாடுகிறது? அவர் பாட்டுக்குப் பேசினார், அவள் பாட்டுக்குப் பின்னால் வந்தாள். இன்று இந்த ஒற்றையடி மண்கரையில், இத்தனை வருஷம் கழித்து, மறுபடியும் ம்.

'பரவாயில்லையே, புத்தி வந்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கும்போது திரும்பிப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

குழந்தைகளும் வயதானவர்களும் மூச்சு வாங்காமல் நடந்து வரக்கூடிய கிராமத்து வழிகளைப் பற்றி, பையில் அடங்குகிற அளவில், ஒன்பது புத்தகங்கள் எழுதியவர் அவர். ஒவ்வொரு வழிக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவார். பதிப்பகத்தில் அவருக்கு அரை நட்சத்திரம் என்று பேர். அந்தப் பேர் தனக்குத் தெரியாது என்று அங்கே நினைத்துக்கொண்டிருப்பதை எண்ணி அவருக்கு உள்ளூர இளக்காரம்.

பத்தாவது புத்தகத்துக்காக வந்த ஊர் இது. ஊர்க்கோடியில் ஒரு பெட்டிக்கடை. அதைத் தாண்டி ஒரு மரப்பாலம். பாலத்தைக் கடந்தால், ஆறு கடலில் சேருகிற கழிமுகத்தை ஒட்டி ஒரு மண்கரை, குதிரை லாடம் மாதிரி வளைந்து, பாலத்துக்கு நேர் எதிரே போய்த் திரும்பி, மறுபடியும் பாலத்தடிக்கே வந்து சேருகிறது. 'எளிய நடை, மூன்று கிலோமீட்டர்' என்று பலகை சொன்னது.

"அங்க பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று கடைக்காரியிடம் கேட்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. தண்ணி வரும், போகும்."

"அதுக்கா பலகை வச்சிருக்கீங்க?"

"நாங்க எங்க வச்சோம்? டவுன்ல இருந்து வந்து நட்டுட்டுப் போனாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரியாதை தெரியாத ஊர் என்று போனில் பதிவு செய்துகொண்டார். குறிப்புகளை எழுதுவதில்லை அவர். நடந்துகொண்டே போனில் பேசி ஏற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

கழிமுகத்தில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். இடது பக்கம் அறுவடை முடிந்த வயல்கள் தாடி மழிக்காத முகம்போலக் கிடந்தன. வலது பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஈயக் கலரில் சேறு. அழுகின முட்டையும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து கிளம்பி நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நண்டு வளைகளில் தண்ணீர்க் குமிழ் எழும்பி உடையும் சத்தம், ஆயிரம் பேர் உதட்டைப் பிரித்து மூடுவதுபோல, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வழி சமதளம். பார்க்க எதுவும் இல்லை. நாற்றம் மட்டும் இலவசம்," என்றார் போனில்.

"ம்."

"இந்த வழிக்கெல்லாம் வழிகாட்டி தேவைப்படுகிறவனுக்கு, வீட்டில் குளியலறைக்குப் போகவும் வரைபடம் தேவைப்படும்."

"ம்."

அந்த ம்மில் ஒரு ருசி இருந்தது. சின்ன வயதில் கதை கேட்கிற குழந்தை கொட்டுகிற ம். 'அப்புறம்?' என்று உள்ளே ஒளித்து வைத்திருக்கிற ம். அவருக்குப் பேச்சு சூடு பிடித்தது. ஊரைத் திட்டினார். தன் வாசகர்களைத் திட்டினார், குடையும் பிளாஸ்குமாகக் கிளம்பி வந்து நூறு அடிக்கு ஒரு தரம் உட்காருகிற கூட்டம். மாப்பிள்ளையைத் திட்டினார், வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஜென்மம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அது முடிந்த கணமே, தாமதமில்லாமல் ம் விழுந்தது.

காலடிச் சத்தம்தான் சரியில்லை. செருப்பு தரையில் தட்டுகிற சத்தம் இல்லை அது. சளக். சளக். நல்ல பாதை இருக்க இவள் ஏன் சேற்றில் இறங்கி நடக்கிறாள்?

"நேரா நடக்கக்கூட உனக்கு நான்தான் சொல்லிக் குடுக்கணுமா?" என்றார், திரும்பாமலே.

"ம்."

கடைசி வளைவு வந்தது. கரை திரும்பிய இடத்திலிருந்து, சேற்றுக்கு அந்தப் பக்கம், மரப்பாலம் நன்றாகத் தெரிந்தது. பாலத்தின் பெஞ்சில் யாரோ நீலக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தன் மனைவியின் குடை மாதிரியே அசிங்கமான நீலம். இந்தக் கலரையும் காசு கொடுத்து வாங்க இன்னொருத்தி இருக்கிறாளே என்று அவர் வாயெடுக்கும்போது போன் அடித்தது. குடைக்காரியும் ஒரு கையைக் காதில் வைத்திருந்தாள்.

"ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" மனைவியின் குரல்.

"நீ... எங்க இருக்க?"

"பாலத்துலதான். செருப்பு வார் அறுந்துபோச்சு, இங்கயே உக்காந்திருக்கேன்னு சொன்னேனே. நீங்க எங்க காதுல வாங்குனீங்க, பேசிக்கிட்டே போயிட்டீங்க."

அவர் பாலத்தைப் பார்த்தார், நீலக் குடை லேசாக ஆடியது.

"ஏங்க? கூட வர்றது யாரு, ஊர்க்காரங்களா?"

"எங்க?"

"உங்க பின்னாடிதான். வரிசையா வர்றாங்களே."

போன் கையிலிருந்து நழுவியது. கரையின் சரிவில் உருண்டது. சேறு அதை ஒரு சப்தமும் இல்லாமல் உள்ளே வாங்கிக்கொண்டது.

அவர் நின்றார். பின்னால் காலடிகளும் நின்றன. வாடை மட்டும் முன்னால் வந்தது, பிடரிக்கு, காதுமடலுக்கு.

"ம்?"

இந்த முறை கேள்வி.

அவர் பேசவில்லை. சளக். ஓர் அடி நெருங்கியது. பேசவில்லை. சளக். சட்டைக் காலருக்குள் ஈரம் ஒரு சொட்டு விழுந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கியது.

"வழி... வழி வளைகிறது," என்றார். "வளைவுக்கு அப்புறம் கரை கொஞ்சம் தாழ்வு."

"ம்."

திருப்தியான ம். வாடை ஓர் அடி பின்வாங்கியது.

புரிந்துவிட்டது. பேச வேண்டும். பேசிக்கொண்டே போனால் பாலம். அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. நடந்தார். பேசினார். ஊரைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொன்னார். ம் வரவில்லை. சளக் வந்தது. புதிதாக வேண்டும் அதற்கு. பதிப்பகத்துக்காரனைச் சொன்னார். ம். செத்துப்போன அண்ணனைச் சொன்னார். ம். மனைவியைச் சொன்னார், யாரிடமும் சொல்லாததை எல்லாம், அவளுடைய நடை, அவளுடைய அழுகை, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தான் பார்க்கப் போகாத பத்து நாளை. ம். ம். ம். இப்போது ஒரு குரல் இல்லை. கரையின் நீளத்துக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அது போய்க்கொண்டே இருந்தது, தூரத்தில், இன்னும் தூரத்தில்.

தண்ணீர் ஏறியிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

கரை தாழ்ந்த இடத்தில் பாதை இல்லை. முன்னால் தண்ணீர். அலை இல்லை, நுரை இல்லை. கண்ணாடி மாதிரி, ஓசையில்லாமல், கணுக்காலுக்கு வந்தது. எதிரே கூப்பிடு தூரத்தில் பாலம். நீலக் குடை. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

சொல்ல ஏதாவது. ஏதாவது ஒன்று. யாரைப் பற்றியாவது.

ஒன்றும் இல்லை.

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

அவருடைய முகம் தெரிந்தது. தோளுக்கு மேலே இன்னொரு முகம். அதற்குப் பின்னால் இன்னொன்று. வளைவு வரைக்கும், வளைவுக்கு அப்பாலும், ஈயக் கலரில், எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து. கதை கேட்கிற மாதிரி. கண்கள் இருந்தன. ஆவலான கண்கள். மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை. வழவழவென்று சேறு, தாடை வரைக்கும்.

வாய் இல்லாமலும் சொல்ல முடிந்த எழுத்து அது ஒன்றுதான்.

முதலாவதாக நின்றது கையைத் தூக்கியது. தண்ணீரில்தான் அதைப் பார்த்தார். ஈரமான உள்ளங்கை பின்னாலிருந்து வந்து, அவர் உதட்டின் மேல் படிந்து, சுவருக்குப் பூச்சு பூசுகிற கொத்தனார் மாதிரி, அவசரம் இல்லாமல், இடமிருந்து வலமாக ஒரு தடவை இழுத்தது. குளிர்ச்சி. பிறகு இன்னொரு தடவை, மிச்சம் இருந்த ஓரத்துக்கு.

பாலத்திலிருந்து மனைவி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"ஏங்க! ஏன் பேசாம நிக்கறீங்க? நான் சொல்றது கேக்குதா?"

கரை முழுக்க, ஒரே குரலில், பதில் வந்தது.