ட்ரம்பெட் அலறியபோது பதில் சொல்லாதவன்

என் புருஷன் கிறிகோரி ஒரு மெட்டை முனகிக்கொண்டே சப்பாத்துப் போட்டார்.

அதே மெட்டு. ஒரு மாதமாக அதே மெட்டு!

"இஞ்சருங்கோ, இது எவள் பழக்கினது?" என்றேன்.

"பின்னேரம் வந்து சொல்லுறன், செலஸ்ரீனா. இப்ப சொன்னா உம்மடை கோபம் போயிடும்... கோபத்திலைதான் நீர் வடிவு."

பின்னேரம் நான்கு மணி.

தொலைபேசி அலறியது.

லிபெர்த்தா வீதியில் அவர் வேலை செய்த வீட்டிலிருந்து. நான்காம் மாடிப் பல்கனியிலிருந்து விழுந்துவிட்டார்... உயிர் இல்லை!

வீட்டுக்காரர் சிக்னோர் எத்தோரே, பார்வையில்லாத கிழவர். அவருடைய தம்பி மகன் றெனாத்தோ பொலிசிடம் கதை சொன்னான். எதிர்வீட்டு வேலைக்காரியோடு கதைக்க எட்டிச் சாய்ந்தாராம் கிறிகோரி. அந்த நேரம் பெரியப்பா பக்கத்தில், கிறிகோரி வழக்கமாய் இருக்கும் கதிரையில் தான் இருந்து, அவரோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நான் நம்பினேன்.

அழுவதற்கு முன், அவள் யாரென்றுதான் கேட்டேன்.

மறுநாள் கிறிகோரியின் பையை எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே பொலிஸ் அதிகாரி. றெனாத்தோ. சிக்னோர் நேற்றைய வீடியோ நாடாவை மறுபடி போடச் சொன்னார்.

ஐம்பதுகளில் எடுத்த அமெரிக்கத் துப்பறியும் தொடர். கறுப்பு வெள்ளை. பின்னணியில் ஜாஸ். துப்பறிவாளன் மழையில் தனியே நடக்க, சாக்ஸபோன் இழைந்தது...

கிறிகோரியின் மெட்டு!

ஒரு மாதமாக நான் தேடிய சக்களத்தி, ஒரு பித்தளைக் குழாய்.

தினமும் கிறிகோரி படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாராம். சிக்னோர் கேட்டிருப்பாராம். ட்ரம்பெட் அலறினால் கொலை. செத்தது யாரென்று கிறிகோரி உடனே சொல்லிவிடுவாராம்.

"நேற்று கிறிகோரி விழுந்த நேரமும் ட்ரம்பெட் கேட்டது," என்றார் சிக்னோர். "செத்தது ஆர் எண்டு கேட்டன். பதில் இல்லை. றெனாத்தோ, நீ அந்தக் கதிரையிலை இருந்தனி எண்டால், ஏன் சொல்லேல்லை?"

றெனாத்தோ கத்தினான்.

"எல்லாத்துக்கும் அவன்தானே உங்களுக்கு! என்ரை கண், என்ரை கண் எண்டு... ஒருநாளாவது என்னை அப்பிடிச் சொன்னீங்களா? அதுதான் தள்ளினன்!"

அதிகாரி விலங்கை எடுத்தார்.

அந்த எரிச்சல் எனக்குப் புரிந்தது. அதுதான் பயங்கரம்.

இப்போது அவருடைய வேலையும் அந்தக் கதிரையும் எனக்கு. ட்ரம்பெட் அலறினால், செத்தது யாரென்று சொல்வேன். கார் வந்தால் கார், கத்தி வந்தால் கத்தி. எல்லாம் சொல்வேன்.

சாக்ஸபோன் இழையும்போது மட்டும் வாய் திறப்பதில்லை.

சக்களத்தியோடு எனக்கென்ன கதை!