இரும்புக்குச் செம்பு

கயிறு வெறுமனே வந்தது.

அறுந்திருந்தால் தோபியாஷ் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். சணல் கயிறு, நாற்பது நாள் தண்ணீரில் கிடந்தது, அறுந்துபோக அதற்கு உரிமை உண்டு. ஆனால் அவர் போட்ட இரட்டை முடிச்சை யாரோ பொறுமையாக அவிழ்த்து, நுனிக்கயிற்றை எட்டு வடிவத்தில் மாற்றி மாற்றிச் சுற்றி, முனையை உள்ளே செருகியிருந்தார்கள். லேஸ் பின்னுகிற பெண்கள் மிச்ச நூலை அப்படித்தான் சுற்றி வைப்பார்கள். அவர் மனைவி ரொசாலியாவும் அப்படித்தான் சுற்றுவாள்.

அதில் கட்டித் தண்ணீரில் இறக்கியிருந்த சாவி இல்லை.

குளிரில் வெடித்திருந்த உதட்டைக் கடித்துக்கொண்டார். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல் இருந்தது ரத்தம்.

பழைய சுரங்கவாயிலிருந்து வழியும் அந்த நீலப்பச்சைத் தண்ணீரை நம்பித்தான் ஊரே ஒரு காலத்தில் பிழைத்தது. ஓட்டை வாணலியோ உடைந்த கடப்பாரையோ, எதைப் போட்டாலும் சில வாரங்களில் இரும்பைத் தின்றுவிட்டு, அதே உருவத்தில் செம்பைத் திருப்பிக் கொடுக்கும். உலகத்தில் பேரம் பேசாத ஒரே வியாபாரி. எடுத்துவிட்டுக் கொடுக்காமல் இருந்ததில்லை. கொடுத்துவிட்டு எடுக்காமலும் இருந்ததில்லை. சுரங்கம் மூடி, சனங்கள் பிஸ்ட்ரிட்சா நகரத்துக்கு இறங்கிப் போய், வீடுகளெல்லாம் கோடைக்கு மட்டும் திறப்பவையாகிவிட்ட பிறகும், தண்ணீர் மட்டும் கடையைச் சாத்தவில்லை. பனிக்காலத்தில் ஊரில் இரண்டே புகைபோக்கிகளில் புகை வரும்: ஒன்று தோபியாஷுடையது, மற்றது அவருடைய பழைய நண்பர் கெய்சாவுடையது.

உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் கையாண்ட இரும்பு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, செம்பானதும் எடுத்து, பெட்டியில் வைத்துப் புதைப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன், பனி உருகும் காலத்தில், ஊறப்போட்ட லாடங்களை எடுக்கச் சுரங்கவாய்க்குள் போன ரொசாலியா திரும்பி வரவில்லை. அவளுக்கு ஒரு கல்லறை வேண்டும், அதன் பக்கத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும். தோபியாஷ் கேட்டது அவ்வளவுதான். குழி வெட்டியாயிற்று. நாளைக் காலையில் கெய்சா மரப்பலகையைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. முன்பு ஆட்களைச் சுரங்க வேலைக்கு எழுப்பிய பலகை, இப்போது சாவுக்கு மட்டும்.

“நான் செத்தா பலகையை யாருடா தட்டுவா? அதுக்காகவே சாகாமக் கெடக்கேன்,” என்றபடி கெய்சா தன் வீட்டு அடுப்படியில் பிளம் சாராயத்தை ஊற்றினார்.

“சாவியக் காணோம், கெய்சா.”

“எந்தச் சாவி?”

“வாசக்கதவுச் சாவி. அவ பொழங்கினது.”

குப்பி அந்தரத்தில் நின்றது. “கத்திரிக்கோல் போடறேன்னுதானே சொன்ன?”

“மக அவ அம்மா சாமான் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டா. மிஞ்சினது அது ஒண்ணுதான்.”

“வேலை செஞ்ச இரும்பத்தான்டா போடணும், மடையா. சுத்தி, உளி, கத்திரி. வீட்டத் திறக்கற சாமானையா கொண்டுபோய் அந்தத் தண்ணி கையில குடுப்பாங்க?” கெய்சா ஒரே மடக்கில் குடித்தார். “துணைக்கு ஆள் வேணும்னா பிஸ்ட்ரிட்சாவுல எத்தனை விதவைங்க இருக்காங்க. முட்டைக்கோஸ் சூப்பாவது வச்சுக் குடுப்பாங்க.”

சிரிக்க வேண்டிய இடம். இருவரும் சிரிக்கவில்லை.

“இன்னைக்கு இங்கயே படுத்துக்கடா தோபி.”

“அடுப்பு அணைஞ்சுரும்.”

அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும். ஒருவேளை வந்தால்? வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா?

மாலை நாலு மணிக்கே மலை வெளிச்சத்தை விழுங்கிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தன்னுடைய இரும்புச் சாவியால் உள்ளிருந்து பூட்டி, அதைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, அடுப்பருகே உட்கார்ந்து, விறகு வெடிக்கிற சத்தத்தையும், கூரைப்பனி சறுக்கி விழுகிற சத்தத்தையும், மூன்று வருடமாகப் பேச்சுத்துணையாக இருந்த கடிகாரத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார், எதிலும் சேராத ஒரு சத்தம் வந்துவிட்டால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதுபோல். முதலில் வாடைதான் வந்தது. நனைந்த கல்லும் செம்பும் கலந்த வாடை, நெடுநாள் பூட்டிய பாத்திர அலமாரியைத் திறந்தது போல. அப்புறம் வாசல்படியில் சொட்டுகிற ஓசை. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிற குளிரில், தண்ணீர் சொட்டுகிற ஓசை.

பூட்டுக்குள் ஏதோ நுழைந்தது.

உள்ளே இருந்த சாவி மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. விழுந்தது. தரையில் இரும்புச் சத்தம்.

பிறகு பூட்டு திரும்பியது. இரும்பு திரும்பும் கரகரப்பு இல்லை. மெத்தென்று.

கதவு திறந்தது.

ரொசாலியாதான். அதே நெற்றி, அதே முக்காடு, இடது புருவத்துத் தழும்புகூட அப்படியே. எல்லாம் ஒரே செம்புச் சிவப்பில். மடிப்புகளில் பச்சை. கண்ணிமைகள் மூடவில்லை.

“குளிருதா?” என்றார் தோபியாஷ். நாற்பது வருடப் பழக்கம் அப்படிக் கேட்க வைத்தது. “உள்ள வா. சூப்பு இருக்கு.”

வந்தாள். பலகைத் தரை முனகியது. மனுஷிக்கு முனகுவதைவிட அதிகமாக. தரையில் கிடந்த இரும்புச் சாவியைத் தாண்டினாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் செம்புச் சாவியை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.

சாவிக்குச் சாவி. அது சரியாகப் போயிற்று.

இவளைக் கொடுத்ததற்குத் தண்ணீர் எதை எடுக்கும்?

வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் அவர் கண்கள் தேடின. கோடாலி. வாணலி. அடுப்புக் கதவு. “எடுத்துக்க,” என்றார். “எல்லாத்தையும் எடுத்துக்க.”

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிடியும் தளரவில்லை.

உதட்டு வெடிப்பு மறுபடி கசிந்தது. நாக்கில் ஆணியின் ருசி, இரும்பின் ருசி.

அவள் மூக்கு அசைந்தது. முகம் நெருங்கியது. முத்தம் கேட்பவள் போல வாய் திறந்தது. பல் இல்லை. நாக்கு இல்லை. நீலப்பச்சைத் தண்ணீர், உதட்டின் விளிம்பு வரை நிறைந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் காத்திருந்தது.