தீப்பெட்டி அளவில் ஒரு சாட்சி!

ட்ரிங்... ட்ரிங்...!

போன் அலறியது.

நிரோஷன் திடுக்கிட்டான். ஹட்டன் பஜாரில், பாத்திரக்கடை மேல்மாடியில் இருந்தது அவனுடைய ரிப்பேர் கடை. செத்துப்போன கம்ப்யூட்டரெல்லாம் அவன் கை பட்டால் எழுந்து உட்காரும். ஆனால் சும்மா பேசுவதற்கென்று அவனுக்குப் போன் பண்ண ஒரு நாதி கிடையாது. இருந்த ஒருவனும் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"ஹலோ..."

"நிரோ அண்ணே! கிருஷாந்தி பேசுறேன். லோஜன் அண்ணனோட டிஸ்க் கெடச்சிருச்சுண்ணே!"

நிரோஷன் போனைக் காதோடு அழுத்தினான்.

"எ... எந்த டிஸ்க்?"

"அண்ணனோட பழைய கெமராவுக்குள்ள இருக்குமே, தீப்பெட்டி மாதிரி ஒண்ணு... அதுதான். கெமரா நொறுங்கிக் கெடக்குதாம். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனவங்க பாறைக்குக் கீழ பாத்து எடுத்தாந்து குடுத்தாங்க. ஆனா வேல செய்யல. பஸ்ல வந்துட்டு இருக்கேன். நீங்கதான் பாக்கணும்!"

லைன் கட்.

லோஜன், கல்யாண வீடியோக்காரன். கிருஷாந்தியின் அண்ணன். நிரோஷனுக்கு இருந்த ஒரே சிநேகிதன். டயகம பக்கம் காலாற நடக்கப் போனவன், பனிமூட்டத்தில் கால் வழுக்கிப் பாறையிலிருந்து விழுந்து செத்தான்... என்று ஊர் பேசிக்கொண்டது.

ஊருக்கு என்ன தெரியும்?

தள்ளியது நிரோஷன்!

தள்ளும்போது லோஜன் கையில் கெமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிஸ்க் உயிர் பெற்றால், நிரோஷன் கதை முடிந்தது!

கீழ்க் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது. இரண்டு கப். ஒன்று நிரோஷனுக்கு, ஒன்று லோஜனுக்கு. வருஷக்கணக்காக அப்படித்தான். ஒன்று போதும் என்று சொல்ல நிரோஷனுக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆறிப்போன இரண்டாவது கப்பைக் கொட்டும்போதெல்லாம் அழுகை முட்டும். கொலைகாரனுக்கும் தனிமை வலிக்கும்தானே!

படியில் காலடிச் சத்தம்...

கிருஷாந்தி மழையில் நனைந்து வந்திருந்தாள். லோஜனின் கப்பை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் டிஸ்க்கை மேசையில் வைத்தாள்.

"நாந்தாண்ணே கெடுத்துட்டேன். இன்டர்நெட் பொட்டியோட அடப்டர சொருகிட்டேன். லேசா பொகை வந்துச்சு."

"ஐயோ! அது பன்னெண்டு வோல்ட். இது அஞ்சுதான் தாங்கும்."

சரியான அடப்டரைப் போட்டான். காதருகே வைத்துக் கேட்டான். மூச்சே இல்லை. மீட்டர் முனைகளை போர்டில் வைத்தான்.

பீ......ப்!

ஷோர்ட்! கரண்ட் உள்ளே போகாமல் வாசலிலேயே பாய்ந்து தீர்ந்துகொண்டிருந்தது. விரலால் தடவினான். எள்ளளவு கறுப்புத் துண்டு ஒன்று சுட்டது.

டயோட்!

நிரோஷனுக்கு நொடியில் புரிந்துவிட்டது. அதிக வோல்ட் வந்தால் தான் எரிந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும் துண்டு அது. அதைப் பிடுங்கினால் போதும். டிஸ்க் ஓடும்! வீடியோ வெளியே வரும்!

டயோடைச் சுற்றி ஈயம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. பார்த்தான். பயத்தில் அதை யோசிக்கத் தோன்றவில்லை.

"என்னண்ணே?"

"மோட்டார் செத்துருச்சு தங்கச்சி. ஒண்ணும் தேறாது."

"அண்ணன் கொரல ஒருக்கா கேக்கணும்னு இருந்துச்சு..." அவள் கண் கலங்கியது. "சரிண்ணே. கொழும்புல யாருகிட்டயாச்சும் காட்டுறேன்."

ஆபத்து...!

"பொறு பொறு! நானே இன்னொருக்கா முயற்சி பண்றேன். நீ கோயிலுக்குப் போய்ட்டு வா."

"சரிண்ணே. என் போன்ல சார்ஜ் இல்ல. இங்க போட்டுட்டுப் போகவா?"

"போடு, போடு."

போனை ரேடியோவில் சாய்த்துச் சார்ஜ் போட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்தினான். அழிக்கத்தான் போகிறான்; ஆனாலும் செத்ததை ஒரு தடவை எழுப்பிப் பார்க்காமல் கை கேட்கவில்லை. ஈயம் உருக்கும் கம்பி சூடேறியது. டயோட் பெயர்ந்து வந்தது. பழக்கதோஷம், அடப்டரையும் சொருகித் தொலைத்தான்.

கிர்ர்ர்ர்...

டிஸ்க் சுழன்றது! செத்தது பிழைத்துவிட்டது!

கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருந்தது. வயரை மாட்டினால் லோஜன் பேசுவான். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! நிரோஷனின் கை வயரை நோக்கி நீண்டது...

நின்றது.

என்ன கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். 'டுபாய்க்குப் போகாதடா... நீயும் போய்ட்டா எனக்கு யாருடா இருக்கா?' என்ற தன்னுடைய கெஞ்சல். பிறகு லோஜனின் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் நிரோஷனின் கை ஓங்கியது. அதற்குப் பிறகு வந்த அலறலை இன்னொரு தடவை கேட்க அவனால் முடியாது.

டிஸ்க்கின் மூடியைக் கழற்றினான். பளபளத்த தட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து இழுத்தான்.

கிரீ...ச்! கிரீ...ச்!

"என்ன தம்பி, ரிப்பேர் முடிஞ்சுதா?"

திரும்பினான். வாசலில் கிருஷாந்தி. அவளுக்குப் பின்னால் பொலிஸ் சார்ஜன்ட் பொன்னையா!

"சே... சேர்... இது முன்னாடியே செத்துப்போன டிஸ்க்கு..."

கிருஷாந்தி ரேடியோவில் சாய்த்திருந்த தன் போனை எடுத்தாள். "ஓடின டிஸ்க்க நீங்க கீறினது வரைக்கும் இதுல பதிஞ்சிருக்குண்ணே. கண்டியில ஒருத்தர் போன வாரமே ரிப்பேர் பண்ணி, வீடியோவ கொப்பி எடுத்துத் தந்துட்டாரு. எரிஞ்ச டயோட திரும்ப ஒட்டச் சொன்னது நாந்தான்."

புது ஈயம்!

"எம்மேல... எப்படி சந்தேகம்?"

"அன்னைக்கு அண்ணன் கெமரா கொண்டு போனது வீட்டுல யாருக்கும் தெரியாது. செத்த வீட்டுல நீங்க ஒரு ஆளு மட்டும் 'கெமரா கெடச்சிச்சா'ன்னு கேட்டீங்க."

நிரோஷன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "வீடியோல... என் மூஞ்சி..."

"இல்ல. வெறும் பனிமூட்டம். காத்து எரைச்சல்ல ஒரு பேச்சும் வெளங்கல. ஒழுங்கா ரிப்பேர் பண்ணிக் குடுத்திருந்தா உங்கள யாரும் தொட்டிருக்க முடியாது!"

அவள் முன்னாலேயே உடைந்து அழுதான்.

"அவன் போய்ட்டா நான் தனியாகிருவேன்னு பயந்தேன் சேர்... அதான்..."

பொன்னையா விலங்கை மாட்டினார்.

"அந்தப் பயம் இனி வேணாம் தம்பி. ரிமாண்ட் ஜெயில்ல கால நீட்டிப் படுக்க எடமில்லாத அளவுக்கு ஆளு இருக்காங்க... தனியா உடுங்கன்னு நீயே அழுவ!"