பைன் காட்டுக்குள் இறங்கியவர்கள்

எதிர்முகட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் மிகவும் ஒட்டி நடந்தார்கள். ரொசேருக்கு முதலில் உறுத்தியது அதுதான். மலையேறுகிறவர்கள் அப்படி நடப்பதில்லை. முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்துவிடக் கூடாதென்று கொஞ்சமாவது இடம் விட்டுத்தான் வருவார்கள். அங்கே இடமே இல்லை. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, மறுபடி சிவப்பு என்று ஒரே கயிறாக அந்த வரிசை சுண்ணாம்புப் பாறைகளின் ஓரமாக வளைந்து வளைந்து போயிற்று. முன்னால் இருப்பவரின் முதுகுப்பையில் பின்னால் வருபவர் முகத்தைப் புதைத்திருப்பது போலத் தெரிந்தது.

"கிழவங்க சங்கமா இருக்கும்" என்றான் பத்திஸ்தே. "ஒருத்தன் தூங்கிக்கிட்டே நடக்குறான், இன்னொருத்தன் அவன் மேல சாஞ்சுக்கிட்டே தூங்குறான்."

சொல்லிக்கொண்டே அவள் தோளில் கை வைத்தான். சட்டை, கம்பளி, மேலங்கி எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கையின் சூடு உள்ளே இறங்கியது. அவள் தோல் சுருங்கியது. காலணியின் நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்து கையை நழுவவிட்டாள்.

அவன் வீடு திரும்பி நாலு மாதம் ஆகிறது. ஒன்றரை வருஷம் வலென்சியாவில் வேறொருத்தியோடு இருந்துவிட்டு, ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். ரொசேர்தான் கதவைத் திறந்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மனசு ஒருவழியாகச் சரியென்றுவிட்டது; உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. அல்கோய் என்ற ஊரில் அவள் சலவைக்கடை நடத்துகிறாள். ஊரார் விரிப்புகளின் கறையெல்லாம் அவள் கைப்பட்டுத்தான் போகிறது, ஒருநாளும் குமட்டியதில்லை. அவனுடைய தலையணை உறையை மட்டும் இரண்டு விரலால் தூக்கித்தான் இயந்திரத்தில் போடுகிறாள். அது அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாதென்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மரியோலா மலைக்கு வர ஒத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் நடந்த அதே மூன்று சிகரங்கள். அவன் யோசனை.

முதல் சிகரத்திலிருந்து இறங்கும்போது காட்டுக்காவலர் சிமோ எதிரே வந்தார். பத்திஸ்தே வளர்ந்த தெருக்காரர், அவனைவிட மூத்தவர். பச்சை மேலங்கி, பச்சைத் தொப்பி, இடுப்பில் வாக்கி-டாக்கி.

"டேய் பத்திஸ்தே! வீட்டுக்குள்ள விட்டுட்டாளா உன்னை? போச்சுடா, உன்னால பந்தயத்துல ஒரு பாட்டில் சாராயம் தோத்துட்டேன்."

"நல்லா வேணும் உங்களுக்கு" என்று சிரித்தான் பத்திஸ்தே.

"ஏம்மா ரொசேர், இவனைப் பாலைவனத்துல விட்டாக்கூட ஒருத்தியைத் தேடிப் பிடிச்சுருவான். மலைன்னு நம்பிக் கூட்டிட்டு வந்துட்டியே!"

ரொசேர் சிரித்து வைத்தாள். சிமோ பேசும்போதெல்லாம் கழுத்துப்பட்டிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தார். அங்கே தோல் சிவந்து தடித்து, ஓரங்களில் நீர் கோத்திருந்தது. அவள் பார்வையை எடுத்துவிட்டாள்.

"பைன் மரத்தடியில மட்டும் உக்காந்துறாதீங்க. கம்பளிப்பூச்சி இறங்குது. இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பிச்சுருச்சு. ஒண்ணு பின்னால ஒண்ணு மூக்கை ஒட்டிக்கிட்டு வரும், பாத்தாலே வாந்தி வரும். மண்ணுக்குள்ள போற வரைக்கும் நிக்காது சனியன்."

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டான் பத்திஸ்தே.

"அதோ, ஒரு கோஷ்டி பாதையை விட்டுட்டு இறங்குது பாரு. கூப்பிட்டா காதுலயே வாங்கல. போய் நாலு வார்த்தை திட்டிட்டு வரேன்."

சொறிந்துகொண்டே போனார்.

இரண்டாவது சிகரத்துக்குக் கீழே காற்று கடுமையாக இருந்தது. காற்று படாத இடம் பைன் மரத்தடி ஒன்றுதான். ரொசேர் சொல்லச் சொல்லக் கேளாமல் பத்திஸ்தே போய் உட்கார்ந்தான். கிளை நுனிகளில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சிக்கூட்டுப் பைகள் தொங்கின. பழைய பஞ்சுமிட்டாயை யாரோ எச்சில்படுத்தி ஒட்டிவைத்தது மாதிரி. வெயில் பட்ட இடத்தில் பையின் சுவருக்குள் ஏதோ மெல்லப் புரண்டது. அவள் நின்றபடியே ஆலிவைக் கொறித்தாள். அவன் ரொட்டிக்குள் ரத்தத் தொத்திறைச்சியை அடைத்துப் பெரிய பெரிய வாயாகக் கடித்தான், நடுநடுவே காபி கலந்த சாராயத்தை ஒரு மிடறு குடித்தான்.

பாதி மெல்லும்போது நிறுத்தினான். நாக்கு நுனியிலிருந்து எதையோ விரலால் பிடித்து இழுத்தான்.

நூல். வெள்ளையாக, ஈரமாக. இழுக்க இழுக்க வந்தது. கை நீளத்துக்கு வந்தபிறகும் அறுந்தபாடில்லை. தொண்டைக்குள்ளிருந்து அது வழுக்கி ஏறுவது கழுத்துத் தோலுக்கு வெளியிலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு இருமலோடு வந்து விழுந்தது. கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"உன் முடியா இருக்கும்" என்று சிரித்தான்.

அவள் கையிலிருந்த ஆலிவ்களைப் புதரில் எறிந்தாள்.

அவர்கள் மறுபடி ஏறத் தொடங்கியபோது கடற்பக்கமிருந்து மூடுபனி வந்தது. முதலில் பள்ளத்தாக்கை நிரப்பியது, பிறகு பாறைகளை, பிறகு பாதையை. ரோஸ்மேரியின் வாசனை மறைந்து, அந்த இடத்தில் துவைக்காமல் மூட்டை கட்டிப்போட்ட கம்பளியின் புளித்த நெடி ஏறியது. சலவைக்கடைக்காரிக்கு அது தெரிந்த நெடிதான். ஆனால் மலையில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வழிகாட்டப் பாறைகளில் தீட்டியிருந்த வெள்ளை மஞ்சள் கோடுகளைத் தேடித் தேடி அவள் நடந்தாள். பின்னால் பத்திஸ்தேயின் காலடி நெருங்கிக்கொண்டே வந்தது. அவன் மூச்சு பிடரியில் பட்டது. இறைச்சியும் காபிச் சாராயமும் கலந்த மூச்சு.

"தள்ளி வா."

"குளிருது ரொசேர்."

"குளிர்னா மேல வந்து விழுவியா? தள்ளி வா."

தள்ளினான். கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒட்டினான். திரும்பிப் பார்த்தாள். சொறிந்து சொறிந்து அவன் கழுத்து முழுக்க வரிவரியாகத் தடித்திருந்தது. உதட்டோரம் எச்சில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"திரும்பிடலாம்" என்றாள். "மூணாவது வேண்டாம்."

அவன் தலையாட்டினான். பேச்சு குறைந்துபோயிருந்தது.

அவளுடைய தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவனுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கி, அவன் பார்க்காதபடி அதன் வாயைச் சட்டைக்கையால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் குடித்தாள். அப்படியும் ஏதோ ஒன்று நாக்கின் மேல் வழுக்கி உள்ளே போயிற்று. துப்பினாள். காறித் துப்பினாள். போகவில்லை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு, பிசின் மாதிரி லேசாக இனித்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

பல காலணிகள். ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் வைக்கும் காலணிகள். பேச்சில்லை. இளைப்பில்லை. நடுவே ஈரமாக எதையோ மெல்லுவது போன்ற ஒலி மட்டும். மூடுபனிக்குள்ளிருந்து சிவப்புச் சட்டைக்காரர் வந்து, அவர்கள் முன்னால் பாதையைக் குறுக்கே கடந்து, சரிவில் இறங்கினார். அவர் முதுகில் முகம் புதைத்து அடுத்தவர். அவர் முதுகில் அதற்கடுத்தவர். கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே பாலாடை போல ஏதோ படர்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது இழுபட்டுச் சுருங்கியது. ஒருவரும் தலை தூக்கவில்லை.

கடைசியில் பச்சை மேலங்கி.

"சிமோ!" ரொசேர் கத்தினாள். "சிமோ அண்ணே!"

அவர் தலையில் தொப்பி இல்லை. ஒரு கண் துணியோடு ஒட்டி மூடியிருந்தது. மற்றொரு கண் திறந்திருந்தது. அது அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே போயிற்று.

அவள் நகர்வதற்குள் பத்திஸ்தே நகர்ந்துவிட்டான். அவளைத் தாண்டி நடந்தான். சிமோவின் முதுகில், பால் குடிக்கும் குழந்தை மாதிரி, மெதுவாக முகத்தை வைத்தான்.

விட்டுவிடலாம். ஒரு கணம் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. இந்த முறை போனால் திரும்பி வரமாட்டான். ஊரில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தலையணை உறையை எரித்துவிடலாம். அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், பனி மூடத் தொடங்கியிருந்தது.

ஓடிப்போய் அவன் முதுகுப்பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். சூடாக, பிசுபிசுவென்றிருந்தது. சிமோவின் மேலங்கியிலிருந்து அவன் கன்னம் இழை இழையாகப் பிரிந்து வந்தது. இழைகள் அவள் விரல்களில் சுற்றின. வாந்தி தொண்டை வரை வந்தது. விழுங்கினாள்.

"என்னைப் பாரு. பத்திஸ்தே, என்னைப் பாருடா. வீட்டுக்குப் போலாம்."

"வீடு" என்றான். வாயிலிருந்து குமிழ் ஒன்று வந்து உடைந்தது.

"ஆமா, வீடு. நான்தானே கதவைத் திறந்தேன்? வா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாலு மாதத்தில் அவளாகப் பிடித்த முதல் தடவை. கோடு போட்ட பாறை ஒன்று வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் வரவில்லை. ஆனால் பாதை இறக்கமாக இருந்தது, காலுக்கு இதமாக இருந்தது; இறக்கமென்றால் ஊர்ப்பக்கம்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல் போய் மண் வந்தது. மண் போய்ப் பைன் ஊசிகள் வந்தன. மெத்தை மாதிரி. காலணி சத்தமே போடவில்லை.

அவன் கை எப்போது நழுவியது என்று தெரியவில்லை. அவன் நெற்றி பிடரியில் வந்து படிந்தது. ஈரமாக.

தள்ளி வா என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் முழுக்க இனிப்பாக, தடிப்பாக ஏதோ நிறைந்திருந்தது. நாக்கு அசையவில்லை.

அவனுக்குப் பின்னால் இன்னொரு காலடி சேர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் அவள் காலோடு தூக்கி, அவள் காலோடு வைத்தன. அவள் நின்றுவிட நினைத்தாள். கால் நிற்கவில்லை. திரும்ப நினைத்தாள். கழுத்தின் பின்புறம் அவன் முகத்தோடு மெல்ல இழுபட்டு, மறுபடி ஒட்டிக்கொண்டது.

மரங்கள் விலகின. ஒரு வெட்டவெளி. உழுத வயல் மாதிரி மண் புரண்டு கிடந்தது. சிவப்புச் சட்டைக்காரர் இடுப்பு வரை உள்ளே போயிருந்தார். நீலச் சட்டைக்காரரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தப் பக்கம் காலணிகளின் அடிப்பாகங்கள் மட்டும், வரிசையாக, வானத்தைப் பார்த்து. சில அசையவில்லை. சில, இன்னும் உள்ளே போவதற்காக, மெதுவாக உதைத்துக்கொண்டிருந்தன. பச்சை மேலங்கி மண்டியிட்டு, வாயால் தோண்டிக்கொண்டிருந்தது.

ரொசேர் குமட்டலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பிடரியில் அவன் முகம் சூடாக இருந்தது. சுகமாக இருந்தது. அதுதான் அவள் கடைசியாகப் பயந்த விஷயம்.

முழங்கால் மடிந்தது. பின்னால் எல்லா முழங்கால்களும் மடிந்தன.

மண் மிருதுவாக இருந்தது. நகத்தை வைத்ததும் வழிவிட்டது. அவள் குனிந்து, உதடுகளைத் திறந்து, முதல் வாய் மண்ணை எடுத்தாள்.