முப்பத்தொண்ணு போட்டுப் பாத்தியா?

மின்சாரத்தைத் துண்டித்து சீல் வைத்த லிஃப்டின் மேலே எண் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விடுமுறை நாள், நடுப்பகல். அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. அதற்காகத்தான் அவன் இன்று படியேறி வந்ததே. லிஃப்டுகளைச் சோதிக்க மாதாமாதம் மெக்கானிக்கை அழைக்கும் புரோகிராம் அவன் எழுதியது. அடுத்த மாதத்தில் அதே தேதியைத் தேடும். முப்பத்தொன்றாம் தேதிக்குப் பதிவான லிஃப்டுகளுக்கு, முப்பது நாள் மாதம் வந்ததும் தேதி கிடைக்காமல் அழைப்பு நின்றுபோனது. நின்றது நின்றதுதான். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அதில் ஒன்று.

புரோகிராம்களைச் சரிபார்க்கும் சோதனைப் பிரிவு அக்கா, அவன் எழுதி முடித்த அன்றே கேட்டாள். "முப்பத்தொண்ணு போட்டுப் பாத்தியா தம்பி?"

"பாத்துட்டேன்க்கா."

பார்க்கவில்லை. பசி நேரம், வாய் கூசாமல் ஒரு பொய். காலையில் அவன் ஓடி வருவதைக் கண்டால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள். அவனை நம்பி ஒப்புதல் கொடுத்தாள். போன வாரம் கயிறறுந்து விழுந்த இந்த லிஃப்டுக்குள் அவள்தான் இருந்தாள். பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. யாரும் கூப்பிடாததால் வராத மனிதன், பாவம், இப்போது லாக்கப்பில் கிடக்கிறான்.

நாளை விசாரணைக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் 'தேதி இல்லையென்றால் மாதத்தின் கடைசி நாள்' என்று ஒரு வரி சேர்த்து, பழைய தேதியிட்டுச் சேமித்துவிட்டால் போதும். தன் முகத்தில் தானே காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் எழுதினான்.

வராந்தாவில் இரும்புக் கயிறு உரசும் ஓசை மெல்லக் கிளம்ப, அதன் பின்னாலேயே எண்ணெயும் தூசும் கலந்த காற்றில், தலைவலிக்கு அக்கா நெற்றியில் தடவும் தைலத்தின் வாசனை, அந்த வெக்கையிலும் சில்லென்று, ஒவ்வொரு மேசையாகத் தாண்டி வந்து அவன் பிடரியருகே நின்றது.

அவன் திரும்பவில்லை.

சேமிக்கும் பொத்தான்மேல் விரல்.

"தம்பி."

அவளுடைய குரல்தான்.

"முப்பத்தொண்ணு போட்டுப் பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். மெக்கானிக் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"பாத்துட்டேன்க்கா."

"சரி. அப்ப வா, போலாம்."

கால்கள் எழுந்தன. அவன் எழவில்லை. மேசை. வராந்தா. சீல் கிழிந்து கிடந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை, இருட்டுதான். தாமதமாக வருகிறவனுக்காகக் கதவை மூடவிடாமல், கீழேயிருந்து நீண்ட ஒரு கை, நசுங்கிய வளையல்களோடு பிடித்துக்கொண்டிருந்தது.