உள்ளேன் மிஸ்

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிராக்டிகல் அன்று, மதியம் ஒரு மணிக்கே லேபுக்குப் போய்விட்டேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பழைய கட்டடம். ஜன்னலைத் திறந்தால் பாத்திகளின் வெள்ளையில் கண் கூசும். உப்புக்காற்றில் பாதி சிஸ்டங்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. மூலையில் இருந்த ஒன்பதாம் சிஸ்டத்துக்கு வயரே கிடையாது.

பாஸானால் காலேஜ். இல்லாவிட்டால் அம்மாவோடு உப்பு வார வேண்டியதுதான். என் காலில் ஏற்கெனவே வெடிப்பு. அங்கே திரும்பிப் போனால் செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் பூவிழியும் ஒரே பெஞ்ச். கஷ்ட ஜீவனம், அதனால் முறை வைத்து உப்பளத்துக்குப் போவோம். ஒருத்தி போகும் நாளில் மற்றவள் அவள் குரலிலேயே "உள்ளேன் மிஸ்" என்பாள். ஜெயப்ரியா மிஸ் பதிவேட்டிலிருந்து தலையே நிமிர மாட்டார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் முறை. ரிவிஷன் டெஸ்ட் இருக்கிறது என்று பூவிழியிடம் கெஞ்சினேன்.

"சரி, உன் முறைக்கு நான் போறேன். எனக்கு அட்டெண்டன்ஸ் மட்டும் சொல்லிடுடி."

சொன்னேன். மத்தியானம் அவள் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உப்பளத்துல காணோம். இங்க வந்துட்டாளாங்க?"

மிஸ் பதிவேட்டைப் பார்த்தார். "காலைலயே வந்திருக்காளேம்மா. போங்க."

மாட்டிக்கொள்வோமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்!

சாயங்காலம்தான் கடைசிப் பாத்தியில், மோட்டார் ஓரமாக, அவளைக் கண்டெடுத்தார்கள். ஷாக் அடித்திருந்தது. நாலு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

லேபில் மிஸ் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

"சூர்யகலா."

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"உள்ளேன் மிஸ்."

என் குரல்தான். மூலையிலிருந்து வந்தது.

மிஸ் தலை நிமிராமல் டிக் அடித்தார்.

ஒன்பதாம் சிஸ்டத்தின் திரை வெளிச்சமானது. ஈர உப்பு வாடை மூக்கில் ஏறியது. அங்கே யாரோ நிதானமாகக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் விரல்கள் மரக்கட்டையாகிவிட்டன.

"பூவி, மன்னிச்சிடுடி," என்று மனசுக்குள் கதறினேன்.

காதோரம் கிசுகிசுத்தது. "பரவால்லடி. உன் முறைய நான் பாத்துக்கறேன்."

தட்டும் சத்தம் நின்றது.

"என் முறைய நீ பாத்துக்கோ."

என் திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் எனக்கு முழு மார்க். காலேஜில் சீட்டும் கிடைத்தது. தெரு முழுக்க அம்மா மிட்டாய் கொடுத்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

இன்று காலேஜில் முதல் நாள். தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"சூர்யா, நேரமாவுதுடி!"

"தோ கிளம்பிட்டேம்மா."

நான் வாயே திறக்கவில்லை. வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டது. வெறும் தெருவைப் பார்த்து அம்மா கையாட்டினாள். "பஸ் பாத்து ஏறுடி, தங்கம்."

ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, நான் இங்க இருக்கேன்மா!" உதடுதான் அசைந்தது. அம்மா திரும்பவில்லை. வாசல்படியில் ஈரக் கால்தடங்கள் வெளியே போயிருந்தன. அவை காயக் காய உப்பு பூத்தது.

உப்பளத்தில் மேஸ்திரி ஆள் கணக்கு எடுக்கும் சத்தம் காற்றில் வந்தது.

"பூவிழி!"

என் வாய் தானாகத் திறந்தது. இந்தத் தடவை குரல் வந்தது.

"உள்ளேன்."